படையும் பரிகாரமும்



தோலில் படை கண்டால் நாகதோஷமென்று பரிகாரம் செய்யச் சொல்லுகிறார்கள். 1806-ல் பாரிசில் அலிபர் என்னும் வைத்தியர், படையாய்த் துவங்கிக் காளான்போல் கட்டி எழும்பிய ஒரு நோயைக் கண்டார். காளான் பெயரே அதற்கு நிலைத்தது. ஆனால் அது காளானுமல்ல, தொற்றுநோயுமல்ல. இரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒருவகை தோலில் புற்றாய்ப் பெருகுவதென்று பிற்காலத்தில் விளங்கிற்று. அபூர்வமான நோயாதலால், கரப்பானென்றும் குஷ்டமென்றும் வைத்தியர்களே மயங்குவதுண்டு. ஆகவே, சிறு தோல்துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். தெரியாவிட்டால் மறுபடியும் எடுத்துப் பார்க்கிறார்கள். எந்தப் பூசாரியாவது தன் குறியை இப்படிச் சோதித்ததுண்டா? ஆரம்பத்திலேயே கண்டால் களிம்பும் ஒளிச்சிகிச்சையுமே பெரும்பாலும் நோயைப் பல்லாண்டு அடக்கும்.

நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் பரிகாரம் தேடவில்லை. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். மாதக்கணக்கில் ஆறாத படையுள்ள தோழர்கள், உண்டியல் காசைப் பஸ்ஸுக்குக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.