உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. பிலமோன் 9-10, 12-17, லூக்கா 14:25-33)

 



வேப்பந்தட்டைப் பக்கம் இந்த நாள்களில் பேருந்தில் போனால், சாலையின் இரண்டு பக்கமும் கரிசல் காடு உழுது கிடப்பதைப் பார்க்கலாம். மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கிற காலம் இது. விதைக்குப் பணம் வேண்டும், உரத்துக்குப் பணம் வேண்டும், உழவு ஓட்டிய டிராக்டருக்குப் பணம் வேண்டும். மகசூல் தை மாதத்துக்குப் பக்கத்தில்தான் வீடு வந்து சேரும். செலவு இன்றைக்கு, வரவு நான்கைந்து மாதம் கழித்து. இந்த இடைவெளி வழியாகத்தான் கடன் நம் வீட்டுக்குள் நுழைகிறது. பிறகு மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று அது வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

இன்றைய நற்செய்தியில் கோபுரம் கட்ட நினைக்கும் ஒரு மனிதரை ஆண்டவர் நம் கண்முன் நிறுத்துகிறார். அவர் முதலில் செய்ய வேண்டிய வேலை கல் வாங்குவதல்ல, கொத்தனாரைக் கூப்பிடுவதுமல்ல. உட்கார வேண்டும், கையில் இருப்பது போதுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். இயேசு இங்கே கடனைப் பற்றிப் பேசவில்லை. தம் சீடராவதற்கு என்ன விலை என்பதைப் பற்றிப் பேசுகிறார். ஆனாலும், அவ்வளவு பெரிய காரியத்தை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை ஒரு சாதாரண வீட்டுக் கணக்கு என்பதைக் கவனியுங்கள். ஓர் ஏழைத் தச்சரின் வீட்டில் வளர்ந்தவருக்கு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதன் அருமை தெரியாதா?

கடன்பட்டவர் செய்யப் பயப்படுகிற வேலையும் இதுவேதான். அவர் நடப்பார், ஓடுவார், ஒளிவார், இரவெல்லாம் விழித்திருப்பார். உட்கார்ந்து கணக்கு மட்டும் பார்க்க மாட்டார்.

நான் அந்தப் பக்கத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது, ஒரு விவசாயி ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மனைவி மட்டும் வருவார். ஒருநாள் மாலை வீடு சந்திக்கப் போனபோது காரணம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சாமி, வட்டிக்குக் கொடுத்தவரும் அதே கோயிலுக்குத்தான் வர்றாரு. அவர் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னுதான் வரல." 2018ஆம் ஆண்டு நம் மாவட்டத்தில் படைப்புழு மக்காச்சோளக் குருத்தைத் தின்று தீர்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு விழுந்தவர் அவர். அதற்கு முந்தின ஆண்டுதான் மகள் திருமணத்தைக் கடன் வாங்கிப் பெரிதாக நடத்தியிருந்தார். மொத்தம் எவ்வளவு கடன் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. மனைவிக்குப் பாதிதான் தெரியும். (அவர்களிடம் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன்.)

அன்று மாலை மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்தோம். பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றில் எழுதினோம். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி. எழுதி முடித்ததும் அந்த அம்மா அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "பயந்ததுக்கு இது கொஞ்சம் கம்மிதான்" என்றார். எழுதாத கடன் இருட்டில் நிற்கிற ஆள் மாதிரி. விளக்கைக் கொண்டுபோனால் அவன் உயரம் தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கில் ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு இலட்சம் ரூபாய், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. மாதம் 3,000 ரூபாய் வட்டி கட்டினால் ஓராண்டில் 36,000 போகும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பத்தாண்டு கட்டினாலும் கடன் அப்படியே நிற்கும். மாதம் 4,000 கொடுத்து, அந்தக் கூடுதல் ஆயிரத்தை அசலில் கழித்து எழுதச் சொன்னால் 47 மாதத்தில் தீரும். 5,000 கொடுத்தால் 31 மாதம். அந்த இன்னொரு ஆயிரம் பதினாறு மாதத்தைக் குறைக்கிறது. ஏறக்குறைய 32,600 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. ஆகவே வட்டி அதிகமான கடனை முதலில் பிடியுங்கள். மற்றவற்றுக்குத் தவணை தவறாமல் குறைந்த அளவு கட்டுங்கள். கொடுத்த பணத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இதெல்லாம் கணக்கு. இதைச் சொல்ல ஒரு வங்கி அலுவலர் போதும், குரு வேண்டியதில்லை. கணக்குக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. இன்றைய இரண்டாம் வாசகம் அதைத்தான் காட்டுகிறது.

திருத்தூதர் பவுல் சிறையிலிருந்து பிலமோன் என்ற செல்வந்தருக்கு எழுதுகிறார். பிலமோனின் அடிமை ஒனேசிம், தலைவரை விட்டுப் போனவர். சிறையில் பவுலைச் சந்தித்து மனம் மாறியிருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பும்போது பவுல் இரண்டு காரியங்களைச் சேர்த்தே செய்கிறார். ஒன்று: இனி இவரை அடிமையாகப் பார்க்காதீர், அன்புச் சகோதரராக ஏற்றுக்கொள்ளும் என்று கேட்கிறார். இன்றைய வாசகம் அங்கே முடிந்துவிடுகிறது. வீட்டில் விவிலியத்தை எடுத்து அடுத்த இரண்டு வசனங்களையும் படித்துப் பாருங்கள். ஒனேசிம் பட்ட கடன் ஏதாவது இருந்தால் அதைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளச் சொல்லி, தாமே அதைத் தீர்ப்பதாகப் பவுல் தம் கைப்படவே உறுதி எழுதிக் கொடுக்கிறார்.

கடன் தீர்ந்த பிறகுதான் ஒனேசிம் மனிதர் ஆவார் என்று பவுல் சொல்லவில்லை. மனிதராகிவிட்டார், அதனால் கடனை மறந்துவிடும் என்றும் சொல்லவில்லை. கடனும் தீர வேண்டும், மனிதரும் வளர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே கடிதத்தில். ஒனேசிம் என்ற பெயருக்குப் பயனுள்ளவர் என்று பொருள். கடன் இருக்கும்போதே அவர் தம் பெயருக்கு ஏற்றவராகத் தொடங்கிவிட்டார்.

நாம் என்ன செய்கிறோம்? "கடனெல்லாம் அடையட்டும், பிறகு குடிப்பதை விடுகிறேன். பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். பிறகு கோயிலுக்கு வருகிறேன்." வாழ்க்கையையே கடன் தீரும்வரை அடகு வைத்துவிடுகிறோம். நகையை அடகு வைக்கலாம், மீட்கலாம். பிள்ளை வளர்கிற மூன்று ஆண்டை அடகு வைத்தால் எந்தக் கடையில் போய் மீட்பது?

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் மாட் டால்பட் என்று ஒரு கூலித் தொழிலாளி வாழ்ந்தார். 1856இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனார். அப்போதே குடியும் தொற்றிக்கொண்டது. கூலி முழுவதும் குடிக்கே போயிற்று, கடனும் ஏறிற்று. தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்ததும் உண்டு. 1884ஆம் ஆண்டு ஒருநாள், கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். தம்மோடு குடித்தவர்களில் ஒருவரும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. வீடு திரும்பியவர், அன்றே ஒரு குருவிடம் போய்க் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார். எத்தனை காலத்துக்குத் தெரியுமா? வாழ்நாள் முழுவதற்கும் அல்ல, மூன்று மாதத்துக்கு. அது முடிந்ததும் ஆறு மாதத்துக்கு. அதன் பிறகுதான் வாழ்நாளுக்கு.

அந்த மாதங்களிலேயே பழைய கடன்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போய் அடைத்தார். பிடில்காரரை எவ்வளவோ தேடினார், கிடைக்கவில்லை. அந்தப் பணத்தை அவர் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கொடுத்துவிட்டார். அதிகம் படிக்காத அந்தத் தொழிலாளி, மெல்ல மெல்ல ஆன்மிக நூல்களைப் படிக்கிறவரும் ஆனார். 1925 ஜூன் 7, ஞாயிறு. திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அவர் இறந்து நூறு ஆண்டு ஆன பிறகும் அவர் பெயரைச் சொல்கிறோம் என்றால், அந்த முதல் மூன்று மாத உறுதிமொழிதான் காரணம்.

நம் திண்ணைக் கணக்குக்கு வருகிறேன். அந்த நோட்டில் மாதத்துக்கு இரண்டு வரி மட்டும் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். முதல் வரி, இந்த மாதம் எந்தக் கடனுக்கு எவ்வளவு. இரண்டாம் வரி, இந்த மாதம் நான் எதில் ஒரு படி வளர்வேன். இரண்டாம் வரியில் ஒன்றுக்கு மேல் எழுதக் கூடாது என்பது ஒப்பந்தம்.

முதல் மாதம்: மனைவிக்குத் தெரியாமல் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. இரண்டாம் மாதம்: வட்டிக்காரரைக் கண்டு ஒளிவதில்லை, தாமே போய் நிலைமையைச் சொல்வது. மூன்றாம் மாதம்: சனிக்கிழமைக் குடியை நிறுத்துவது. அதில்தான் அந்தக் கூடுதல் ஆயிரம் வந்தது. நான்காம் மாதம் எழுதியவர் அந்த அம்மா: வங்கிப் புத்தகத்தைத் தாமே படிக்கக் கற்றுக்கொள்வது. ஏழாம் வகுப்புப் படித்த பையன்தான் அவருக்கு ஆசிரியர். மாதம் ஐயாயிரம் எங்கிருந்து வந்தது? இரண்டு மாட்டின் பால் பணம், நூறு நாள் வேலைக் கூலி, அந்தச் சனிக்கிழமை ஆயிரம்.

எல்லா மாதமும் ஒழுங்காக நடக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் மாடு ஒன்று நோயில் விழுந்தது. இரண்டு மாதம் வட்டி மட்டும்தான் கட்ட முடிந்தது. அந்த மாதமே அவர் மறுபடி குடித்தார். வந்து, "எல்லாம் போச்சு சாமி" என்றார். நோட்டை விரித்துக் காட்டினேன். பதினொரு மாதம் எழுதியிருந்தது. ஒரு மாதம் தவறியிருந்தது. தவறிய மாதத்துக்குக் கீழே அடுத்த மாதத்தின் பெயரை எழுதினோம். ஒப்புரவு அருட்சாதனமும் அப்படித்தானே? ஆண்டவர் நோட்டைக் கிழிப்பதில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்.

அந்த மூன்று வட்டிக் கடன் ஏறக்குறைய மூன்று ஆண்டில் தீர்ந்தது. குழுக் கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இரண்டாம் மாதத்திலேயே அவர் திருப்பலிக்கு வந்துவிட்டார். வட்டிக்குக் கொடுத்தவர் இருந்த அதே கோயிலுக்கு.

அன்பார்ந்தவர்களே, தம் உடைமையை எல்லாம் விட்டுவிடாதவர் தம் சீடராக முடியாது என்று இன்றைய நற்செய்தியின் கடைசியில் ஆண்டவர் சொல்கிறார். கடன்பட்டவரிடம் விடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒன்று இருக்கிறது: நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற வீம்பு. அந்த வீம்புதான் திருமணத்துக்கு ஆயிரம் பத்திரிகை அடிக்கச் சொல்கிறது; கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கச் சொல்கிறது. அதை விடுவதும் துறவுதான்.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பவுல் அந்தக் கடிதத்தைக் கடன்பட்டவருக்கு எழுதவில்லை. இழப்பைச் சந்தித்த பிலமோனுக்கு எழுதினார். அவர் வீட்டில் கூடும் திருச்சபையையும் சேர்த்தே வாழ்த்துகிறார். ஒருவர் கடன் விடயத்தில் பங்கே சாட்சி. அடுத்தவர் தலைகுனியும்படி வாசலில் நின்று கத்துகிறவர், அதே வாயால் நற்கருணை வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

சட்டமும் ஏழைக்குத் துணை இருக்கிறது. அநியாய வட்டியைத் தடுக்க 2003இலேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. மிரட்டி வசூலிக்கும் நிறுவனங்களுக்கு எதிராக 2025ஆம் ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. நுண்கடன் நிறுவனத்தார் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. துன்புறுத்தினால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மனம் உடைந்து, இனி வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால், 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழையுங்கள். உங்கள் பங்கு குருவின் கதவைத் தட்டுங்கள். எந்தக் கடனும் ஓர் உயிரின் விலை பெறாது.

இன்று மாலை செபமாலை சொல்லி முடித்ததும் ஒரு நோட்டை எடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். செப்டம்பர் என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்கள் கடனைத் தீர்க்கும் உழைப்பையும், கடன் தீருமுன்னே நல்ல மனிதராக வாழும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். கடன் சுமையால் உறங்காத ஒவ்வொரு வீட்டிலும் இன்று இரவு உமது அமைதி தங்கட்டும். ஆமென்.