காட்டேரியும் ஓநாய் மனிதனும்



மாநகரத்து அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து, பகலில் உறங்கி இரவில் உலவும் இரத்தக் காட்டேரி. அலுவலகத்தில் நம்மைப் போலவே கோப்புகளைப் பார்த்துவிட்டு, முழுநிலா நாளில் ஓநாயாக உருமாறும் மனிதன். இத்தகைய பாத்திரங்களைக் கொண்ட ஆங்கில நாவல்கள் இன்று நம் கல்லூரி விடுதிகளிலும் கைமாறுகின்றன. இவற்றைப் புதுமை என்று போற்றுவாரும் உளர். குப்பை என்று ஒதுக்குவாரும் உளர். இரு சாராரும் சற்று விரைந்து தீர்ப்புக் கூறிவிட்டனர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வகைக் கதைகளுள் ஒன்றான ‘டிராகுலா’வை பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்டார். பாழடைந்த கோட்டையில் நிகழும் பழங்கதை என்றே பலரும் அதனை எண்ணுகின்றனர். அது தன் காலத்தில் நவநாகரிக நாவலாகும். அதில் தட்டச்சுப் பொறி வருகிறது, ஒலிப்பதிவுக் கருவி வருகிறது, தந்தி பறக்கிறது, ஒருவர் குருதியை மற்றொருவர் உடலில் ஏற்றும் வைத்தியமும் நடைபெறுகிறது. டிராகுலாப் பிரபு இலண்டனில் வீடு வாங்க விரும்பி, தம் கோட்டையில் சாய்ந்து படுத்துக்கொண்டு இங்கிலாந்தின் புகைவண்டிக் கால அட்டவணையைப் படிக்கிறார்! விழுப்புரம் சந்திப்பில் நள்ளிரவு வண்டிக்குக் காத்திருந்த எவரும் இந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். பேய் நகரத்திற்குக் குடிபெயர்ந்தது நேற்றன்று.

இனி நம் பக்கம் வருவோம். விக்கிரமாதித்தன் தோளில் சுமந்த வேதாளத்தை நீங்கள் அறிவீர்கள். வடமொழியில் அது தொங்கியது சிம்சபா மரத்தில். தமிழன் அதனை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்து முருங்கை மரத்தில் ஏற்றிவிட்டான். 1870-இல் ரிச்சர்டு பர்ட்டன் இக்கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது, வேதாளத்திற்கு ‘வாம்பயர்’ என்று பெயரிட்டார். குருதி குடிப்பதைத் தொழிலாகக் கொள்ளாது, விடுகதை போட்டு அரசனின் அறிவைச் சோதிக்கும் வேதாளத்திற்கு இது பொருந்தாப் பெயர்தான். பின்னர் அதே ‘வாம்பயர்’ தமிழுக்கு வந்தபோது நாம் அதனை ‘இரத்தக் காட்டேரி’ என்றோம். அதுவும் ஒரு வகையில் அநீதியே. 1860 முதல் நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர் தம்முடன் காட்டேரி வழிபாட்டையும் கொண்டு சென்றனர். கயானாவிலும் அது உண்டு. அங்கெல்லாம் கருவுற்ற தாயையும் பிறந்த சிசுவையும் காக்க வேண்டிக் காட்டேரிக்குப் படையல் இடுகின்றனர். அஞ்சத்தக்கவளிடமே அடைக்கலம் கேட்பது நம் நாட்டார் வழக்கம். மொழிபெயர்ப்பில் அச்சம் மட்டும் எஞ்சியது. அடைக்கலம் உதிர்ந்து போயிற்று.

ஓநாய் மனிதனைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. எந்த நாட்டில் எந்த விலங்கு அச்சந்தருமோ அந்த விலங்காகவே மனிதன் மாறுகிறான். ஐரோப்பாவில் ஓநாய், மலேயாவில் புலி.

பேய்களுக்கென்று ஒரு சமுதாயம் அமைத்துக் காட்டும் கலையும் நமக்குப் புதிதன்று. முதற் குலோத்துங்கன் காலத்தில் செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியைப் பாருங்கள். பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைத்துப் பந்தி வைக்கின்றன. அப்பந்தியில் பார்ப்பனப் பேய் உண்டு, சமணப் பேய் உண்டு, புத்தப் பேய் உண்டு, குருட்டுப் பேயும் உண்டு. மனிதர் செய்த பிரிவுகள் செத்த பின்னும் தீரவில்லை என்பதைப் புலவர் நகைச்சுவையோடு காட்டிவிடுகிறார். புதுமைப்பித்தன் கடவுளையே சென்னை பிராட்வேயில் கொண்டுவந்து நிறுத்தினார். ‘காஞ்சனை’யில், வீட்டு வேலைக்கு வந்த பெண் மானிடப் பெண்ணா, பேயா என்பதை முடிவு கூறாமலே விட்டார். அந்த முடிவின்மையில் இருக்கும் நடுக்கம், பல்லை நீட்டிக் காட்டும் பத்து நாவல்களில் இல்லை.

ஆயினும் இக்கதைகளின் அடியில் கற்பனை அல்லாத ஒன்று கிடக்கிறது. 1589-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்திற்கு அருகே, பீட்டர் ஸ்டும்ப் என்பவன் ஓநாயாக மாறிப் பலரைக் கொன்றான் என்று சித்திரவதையின் கீழ் ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டு, கொடிய முறையில் கொல்லப்பட்டான். அவன் மகளுக்கும் மரண தண்டனை கிடைத்தது. 1892-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் மெர்சி பிரவுன் என்னும் 19 வயதுப் பெண் காசநோயால் மாண்டாள். அவள் சகோதரனும் அதே நோயால் மெலிந்தான். கல்லறையிலிருந்து அவள் எழுந்து வந்து அவன் உயிரை உறிஞ்சுகிறாள் என்று ஊரார் ஐயுற்று, உடலைத் தோண்டி எடுத்து, இதயத்தை எரித்து, அச்சாம்பலை நீரில் கலந்து சகோதரனுக்குக் குடிக்கக் கொடுத்தனர். இரண்டு திங்களுக்குள் அவனும் மாண்டான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் கண்டறிந்து அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன!

தொலைவில் உள்ள ஊர்களைக் கண்டு நகைப்பது எளிது. திண்டிவனம் என்ற பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். திந்திரிணி என்றால் புளி. திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். புளியமரமோ பேய்களின் இருப்பிடம் என்பது நம் பாட்டிமார் கொள்கை. அங்கிருந்து மேற்கே செஞ்சியைக் கடந்தால் மேல்மலையனூர். சிவன் கையில் ஒட்டிக்கொண்டு, இட்ட உணவையெல்லாம் தானே விழுங்கிய பிரமனின் கபாலத்தை அங்காளம்மன் அடக்கிய தலம். அமாவாசை இரவுதோறும் அங்கே பெருங்கூட்டம் திரள்கிறது. பேய் பிடித்தவர் என்று கருதப்படுவோரையும் உறவினர் அழைத்து வருகின்றனர்.

அவ்வாறு பிடிக்கும் பேய் எது? பழைய தென்னார்க்காட்டில் களஆய்வு செய்து 2000-இல் நூல் வெளியிட்ட மானிடவியலர் இசபெல் நபோகோவ் இதனை ஆராய்ந்திருக்கிறார். பெரும்பாலும் அது ஆசை நிறைவேறாது தற்கொலை செய்துகொண்ட இளைஞனின் ஆவி என்கின்றனர். அது பற்றுவது பெரும்பாலும் புதிதாக மணமான பெண்களை. பற்றியபின் அப்பெண் கணவனை வெறுக்கிறாள். அவனை நெருங்கவிட மறுக்கிறாள். உடுக்கையும் பம்பையும் முழங்க, பூசாரி பேயின் பெயரைக் கேட்கிறார், ஊரைக் கேட்கிறார், என்ன வேண்டுமென்று கேட்கிறார். முடிவில் அவள் கூந்தலில் ஒரு கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து, அவளைக் கணவன் வீட்டிற்கு அனுப்பிவிடுகின்றனர்.

அவள் விரும்பி மணந்தாளா, படிப்பை நிறுத்தி மணம் முடித்தார்களா, அந்த வீட்டில் என்ன நேர்ந்தது? பேயிடம் அத்தனை கேள்வி கேட்கும் சபையில் இவற்றை அவளிடம் கேட்பார் அரியர். ‘எனக்கு இங்கே வாழப் பிடிக்கவில்லை’ என்று தன் குரலில் கூற இயலாத பெண், மற்றொருவன் குரலில் கூறுகிறாள் என்று கொள்வதில் பெருந்தவறு இல்லை.

உங்களுள் கதை எழுதுவோர் சிலர் இருக்கக்கூடும். இலண்டன் மூடுபனியை இரவல் வாங்க வேண்டா; நள்ளிரவு விழுப்புரம் சந்திப்பும் திண்டிவனத்துப் புளியமரமும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. மரத்தில் அறைந்த ஆணியில் தொங்கும் அந்த முடிக்கற்றைக்கு உரியவள், மறுநாள் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாள் என்று எழுதிய கதை ஒன்று எனக்கு இன்னும் படிக்கக் கிடைக்கவில்லை.