கருவிகள் மெய் கூற வேண்டும்

ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சியைக் கணக்கிடும்போது, எத்தனை ஆலைகள் எழுந்தன, அவற்றின் உற்பத்தித் திறன் எவ்வளவு என்னும் விவரங்களே முதலில் கூறப்படுகின்றன. அவ்வாலைகளில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் திரவ மட்டத்தையும் அளந்து காட்டும் கருவிகளைப் பேணுபவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. அப்பணியைச் செய்பவர் கட்டுப்பாட்டுக் கருவித் தொழில்நுட்பர். ஆலை வழக்கில் அவர் ‘இன்ஸ்ட்ரூமென்ட் மெக்கானிக்’. நாளை ஆலைகளில் பணியேற்கவுள்ள மாணவர்களும், ஆலைகளுக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்களும் கூடியுள்ள இவ்வவையில் அவருடைய பணியை எடுத்துரைப்பது பொருத்தமுடையதாகும்.

அப்பணியின் தன்மையை விளக்க அனல் மின் நிலையத்தின் கொதிகலன் ஒன்றே போதும். அதன் மேற்பகுதியில் நீரும் நீராவியும் பிரியும் உருளை ஒன்று உள்ளது. அதில் நீர்மட்டம் மிகுந்தால் நீர்த்துளிகள் நீராவியுடன் சென்று டர்பைனைச் சேதப்படுத்தும். மட்டம் மிகத் தாழ்ந்தால் குழாய்கள் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கும். மட்டத்தை மட்டும் பார்த்து நீரைச் செலுத்தவும் இயலாது. மின்தேவை திடீரென உயரும்போது உருளையின் அழுத்தம் தாழ்கிறது. நீரிலுள்ள ஆவிக்குமிழிகள் விரிகின்றன. நீர் குறைந்துவரும் வேளையிலேயே மட்டம் உயர்வதுபோல் தோன்றுகிறது. ஆகவே நீர்மட்டம், வெளியேறும் நீராவி, உட்செல்லும் நீர் ஆகிய மூன்றின் அளவுகளையும் ஒருங்கே கணக்கிட்டு வால்வு இயக்கப்படுகிறது.

நீர்மட்டத்தை அளக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. உருளையிலுள்ள நீரின் அழுத்தம், எப்போதும் நீர் நிறைந்திருக்க வேண்டிய மெல்லிய குழாய் ஒன்றின் அழுத்தத்துடன் ஒப்பிடப்படுகிறது. அக்குழாயில் கசிவு ஏற்பட்டு நீர் இறங்கிவிட்டால், உருளையில் நீர் மிகுந்திருப்பதாகக் கருவி காட்டும். தானியங்கிக் கட்டுப்பாடு அதனை நம்பி, உட்செல்லும் நீரைக் குறைக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அனைத்தும் சீராக நடப்பதாகவே தோன்றும். குழாய் இணைப்பில் கசியும் ஒரு துளி நீரைக் கண்டு, அதன் விளைவை உணர்ந்து செயற்படுபவர் தொழில்நுட்பரே.

முற்காலத்தில் அளவுகள் காற்றழுத்தமாகக் குழாய்களின் வழியே கட்டுப்பாட்டு அறைக்குச் சென்றன. பின்னர் 4 முதல் 20 மில்லியம்பியர் வரையிலான மின்னோட்டம் வழக்கிற்கு வந்தது. தொடக்கம் சுழியாக இல்லாமல் 4 என வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. தொட்டி வெறுமையாக இருந்தாலும் 4 மில்லியம்பியர் ஓடும். மின்னோட்டமே இல்லையெனில் கம்பி அறுந்தது என்று அறியலாம். ஆயினும், தவறான அளவை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கும் கருவியை இம்முறை காட்டிக் கொடுப்பதில்லை. அதற்குக் காலந்தவறாமல் அளவுத்திருத்தம் செய்வதே வழி.

இப்பணி புறக்கணிக்கப்பட்டால் இருவகைக் கேடுகள் விளையும். பொய் கூறும் கருவியை நம்புவது ஒன்று. மெய் கூறும் கருவியை நம்ப மறுப்பது மற்றொன்று.

முதல்வகைக்கு 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து சான்றாகும். அங்கு ஒரு கோபுரத்தில் திரவம் அளவுகடந்து ஏறிக்கொண்டிருந்தபோது, தவறாக அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருந்த மட்டமானி, மட்டம் இறங்கி வருவதாகக் காட்டியது. மிகைமட்டத்தை அறிவிக்க வேண்டிய எச்சரிக்கைக் கருவியும் இயங்கவில்லை. 15 பேர் உயிரிழந்தனர்.

இரண்டாம் வகையைப் போபால் காட்டுகிறது. 1984 டிசம்பர் 2 இரவு, மீத்தைல் ஐசோசயனேட் இருந்த தொட்டியின் அழுத்தம் 2 பவுண்டிலிருந்து 10 பவுண்டாக உயர்ந்ததை அழுத்தமானி காட்டியது. ஆனால் அவ்வாலையின் கருவிகள் நம்பத்தகாதவை என ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தன. அந்த அளவும் வழக்கமான வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆகவே அவ்வுயர்வு உடனடியாக ஆபத்தாகக் கொள்ளப்படவில்லை. குளிரூட்டும் அமைப்பு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. பிற பாதுகாப்பு அமைப்புகளும் பயன்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கருவிக் குறை ஒன்றே அப்பேரிடருக்குக் காரணமன்று. எனினும், பழுதான கருவிகளோடு வாழப் பழகிவிட்ட ஆலையில் உண்மையான எச்சரிக்கையும் மதிப்பிழந்துவிடும் என்பதை அது உணர்த்தியது.

அதன் பின்னர், 1987ஆம் ஆண்டில் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, உயிருக்கோ உடல்நலத்திற்கோ உடனடி ஆபத்து நேரும் என்று அஞ்சும் தொழிலாளர், அதனை நிர்வாகத்திற்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமை சேர்க்கப்பட்டது. ஆனால் உரிமை ஏட்டளவில் நின்றுவிடலாகாது. “இந்த அளவு தவறு, சரிபார்க்கும் வரை இயக்கத்தைத் தொடங்கலாகாது” என்று ஒரு தொழில்நுட்பர் கூறினால், அன்றைய உற்பத்தி இலக்கு அவருடைய சொல்லை அமுக்கிவிடாத நிலை வேண்டும்.

இதற்கு நிர்வாகம் ஆற்ற வேண்டியவை எளியவை. அளவுத்திருத்தக் கருவிகளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஆலை வாங்கும்போதே நிதி ஒதுக்கப்பட வேண்டும். பழுதுபார்க்கும் பொருட்டுப் பாதுகாப்புத் தடுப்பு ஒன்றைத் தற்காலிகமாக நீக்க நேர்ந்தால், அதற்கு எழுத்து மூலமான அனுமதியும் காலவரம்பும் இருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டு கருவி மெக்கானிக் பயிற்சி பெறும் மாணவருக்கு, கருவியைக் கழற்றிப் பூட்டும் திறனோடு, அதன் அளவைக்கொண்டு ஆலை என்ன முடிவெடுக்கிறது என்பதும் கற்பிக்கப்பட வேண்டும்.

இன்று பல ஆலைகளில் முட்களுக்கும் வரைதாள்களுக்கும் மாற்றாகக் கணினித் திரைகள் வந்துள்ளன. திரை எத்துணைத் தெளிவாக இருப்பினும், தூசியும் வெப்பமும் சூழ்ந்த இடத்தில் பொருத்தப்பட்ட ஓர் உணர்கருவி அனுப்புவதையே அது காட்டும். தானியங்கி முறை பெருகப் பெருக, அக்கருவியிடம் சென்று அதன் மெய்ம்மையைச் சோதிப்பவரின் பொறுப்பும் பெருகுகிறது. அவருடைய ஊதியத்தையும் பயிற்சியையும் பராமரிப்புச் செலவாகக் கருதாமல், ஆலையின் மூலதனத்திலேயே சேர்த்து எண்ணுவது முறையாகும்.