ஒற்றைத் தண்டுதானே என்று எண்ணாதீர்கள்!

(தொலைக்காட்சி மன்றத்தில் கேலாங்வாசி ஒருவர் ஆற்றிய உரை)



நான் விஞ்ஞானி அல்ல. கேலாங்கில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் சாதாரண மனிதன். ஒரு செடியைக் கொல்ல மனம் வராமல், ஓர் ஆற்றுக்கே கேடு செய்யக் கிளம்பியவன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

நண்பர் ஒருவர் எனக்கு ஆகாயத் தாமரைச் செடி ஒன்று கொடுத்தார். காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும். அதனால் தமிழ்நாட்டில் வெங்காயத் தாமரை என்றும் சொல்வார்கள். ஊதா நிறப் பூ. பார்க்கக் கண் கொள்ளாது. தாழ்வாரத்தில் ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி மிதக்க விட்டேன். ஒன்று நான்காயிற்று, நான்கு பத்தாயிற்று. தொட்டி கொள்ளவில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை. உயிர் ஆயிற்றே! ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு கேலாங் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டேன்.

வாசலிலேயே மகள் மறித்துக்கொண்டாள். அவள் உயிரியல் படிக்கிறவள்.

"வாளியில் என்னப்பா?"

"செடிதானம்மா. ஆத்துல விட்டா பொழச்சுப் போகட்டுமே."

"அது பொழச்சுக்கும்பா. ஆறுதான் பொழைக்காது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்துச் செடி போய் ஓர் ஆற்றை என்ன செய்துவிடும்? அதுவும் ஒரே செடியின் பிள்ளைகள். ஒரே ரகம். ஒரு நோய் வந்தால் மொத்தமாகப் போய்விடுமே" என்றேன். நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் முன்னோர்கள் வயலில் பல ரக நெல்லைப் போற்றி வைத்தது எதற்காக? வெள்ளத்தில் ஒன்று போனாலும் வறட்சியில் ஒன்று போனாலும், மற்றொன்று தப்பிக்கும் என்பதற்காகத்தானே? மரபணுவில் வேற்றுமை இருந்தால்தான் பிழைப்பு. ஒரே மாதிரி இருந்தால் ஆபத்து. இதுதானே நாம் படித்த பாடம்?

அந்தப் பாடத்தை இந்தச் செடி பொய்யாக்கி வைத்திருக்கிறது, ஐயா! அன்றிரவு மகள் எனக்கு அதைத்தான் விளக்கினாள்.

ஆகாயத் தாமரையின் தாயகம் தென் அமெரிக்கா. அழகுக்காக மனிதர்கள் அதை உலகமெங்கும் கொண்டு போனார்கள். இலங்கையில் 1909-இலேயே அதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். வங்காளத்தில் 1936-இல் சட்டம் போட்டார்கள். சட்டம் வந்தது; செடி போகவில்லை. 2010-இல் ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று 54 இடங்களிலிருந்து 1,140 செடிகளை எடுத்து மரபணுவைச் சோதித்தார்கள். என்ன கண்டார்கள் தெரியுமா? சோதித்த செடிகளில் பத்துக்கு ஏழு, ஒரே ஒரு செடியின் அச்சுப் பிரதி! விதை போட்டுக்கூட அல்ல, பெரும்பாலும் பக்கக் கன்று விட்டு விட்டே கண்டம் விட்டுக் கண்டம் பரவியிருக்கிறது. ஒற்றைச் செடி உலகத்தை வளைத்திருக்கிறது!

அப்படியானால் ஒரே மரபணுவை வைத்துக்கொண்டு இத்தனை ஊரில், இத்தனை நீரில், இத்தனை வெயிலில் ஒரு செடி எப்படிப் பிழைக்கிறது? வேகமாகக் கன்று விடுவது ஒரு காரணம். தாயகத்தில் அதைத் தின்று வாழும் பூச்சிகள் கூடவே வரவில்லை என்பது இன்னொரு காரணம். மூன்றாவதாக ஒன்றை விஞ்ஞானிகள் இப்போது ஆராய்ந்து வருகிறார்கள். அதற்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். என் மாமியார் ஊரிலிருந்து வரும்போது ஒரு சமையல் குறிப்பு நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தார். அதில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. ஆனால் ஓரத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறார். இது வேண்டாம், இது அடிக்கடி செய், இதில் காரம் குறை என்று. நோட்டு ஊரில் எழுதிய அதே நோட்டுதான். சாப்பாடு மட்டும் சிங்கப்பூருக்கு ஏற்ற சாப்பாடு. செடியிலும் அப்படித்தான். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அதன் மேல் மீத்தைல் என்னும் சிறு வேதிக் குறி ஒட்டிக்கொள்கிறது. எந்த மரபணு பேச வேண்டும், எது வாய் மூடியிருக்க வேண்டும் என்பதில் அந்தக் குறிக்கும் பங்கு உண்டு. சூழல் மாறினால் குறியும் மாறலாம். சில குறிகள் கன்றுக்கும் போய்ச் சேர்கின்றன.

இதற்கு நம் அடுப்பங்கரைக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தேக்காவில் பொன்னாங்கண்ணிக் கீரை வாங்குகிறோம் அல்லவா? அதற்கு ஒரு சித்தி மகன் உண்டு. அலிகேட்டர் வீட் என்று பெயர். முதலைக்களை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தென் அமெரிக்காக்காரன். தண்ணீரிலும் மிதப்பான், தரையிலும் படர்வான். சீனாவில் அவன் விதையில்லாமல் தண்டாலேயே பரவியவன். மரபணு வேற்றுமை மிகக் குறைவு. சீன ஆய்வாளர்கள் அவனைத் தண்ணீரிலும் தரையிலும் வளர்த்துப் பார்த்து 2010-இல் எழுதினார்கள். மரபணு அதேதான். ஆனால் இடம் மாறியபோது பென்சில் குறிகள் மாறியிருந்தன! 2012-இல் அமெரிக்காவில் நாட்வீட் என்னும் இன்னொரு களைச்செடியில், உப்புச் சதுப்பிலும் கடற்கரையிலும் சாலையோரத்திலும் வளர்வதற்குள் இதேபோன்ற வேறுபாட்டைக் கண்டார்கள். குறிகள் மாறியதால்தான் செடி பிழைத்தது என்று அடித்துச் சொல்ல இன்னும் சான்று வேண்டும் என்பதையும் மகள் சொன்னாள். ஆனால் ஒன்று தெளிவு. ஒரே ரகம்தானே, தாங்காது என்று நாம் அலட்சியமாக இருக்க முடியாது.

அந்த முதலைக்களை ஆஸ்திரேலியாவில் செய்ததையும் கேளுங்கள். 1990-களில் அங்கே இலங்கையிலிருந்து குடியேறிய குடும்பங்களின் கொல்லைகளில் அது வளர்வதை அதிகாரிகள் கண்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் நடவில்லை. ஊர்ப் பொன்னாங்கண்ணி என்று நம்பி, ஆசை ஆசையாக ஒருவருக்கொருவர் தண்டு ஒடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கை அன்பில் ஒரு தண்டு போனது! அதிகாரிகள் அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்தவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, கேடு செய்யாத வேறொரு கீரையை மாற்றாகக் கொடுத்தார்கள். எவ்வளவு பண்பான வழி பாருங்கள்.

"ஏற்கெனவே பல இடங்களில் இருக்கும் செடிதானே, இன்னும் ஒன்றை விட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது ஆபத்து. ஆகாயத் தாமரைக் கணக்கெடுப்பில் இந்தோனேசியாவிலும் வங்கதேசத்திலும் வேறு ரகங்கள் அகப்பட்டன. அதாவது, ஒரு முறை அல்ல, பல முறை யாரோ கொண்டு வந்திருக்கிறார்கள். ரகங்கள் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு முதுமலைக் காட்டில் உண்ணிச்செடியைப் பாருங்கள். தோட்டத்து அழகுக்காகப் பல ரகங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம் அது. இன்று யானைக்கும் மானுக்கும் புல் முளைக்க இடம் இல்லாமல் அடைத்து நிற்கிறது. ஆக, ஒரே ரகமாக வந்தாலும் ஊரைப் பிடிக்கிறது. பல ரகமாக வந்தாலும் காட்டைப் பிடிக்கிறது. நாம் வாளியைத் தூக்காமல் இருப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

எங்கள் கேலாங் ஆற்றுக்கு இதில் தனிக் கவலை உண்டு. முன்பு கடல் நீர் ஏறி இறங்கிய ஆறு அது. உப்பு ஆகாயத் தாமரைக்கு ஆகாது. கடலே எங்களுக்குக் காவல் நின்றது. 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தது. 2010-இல் மரினா நன்னீர்த் தேக்கமாயிற்று. கேலாங் ஆறும் காலாங் ஆறும் சிங்கப்பூர் ஆறும் அதில்தான் போய்ச் சேர்கின்றன. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அங்கே சேர்கிறது. உப்பு போயிற்று, அந்தக் காவலும் போயிற்று. இன்று அது நாம் குடிக்கும் தண்ணீர், ஐயா! நான் வாளியில் கொண்டு போனது, என் பேரப்பிள்ளைகள் குடிக்கப் போகும் தண்ணீரில் கொட்டுவதற்கு. மேலே பச்சைப் போர்வை மூடினால் கீழே வெளிச்சம் போகும், மீனுக்குக் காற்று போகும், கொசு பெருகும். அதை அள்ளும் கூலியும் நம் வரிப்பணம்தான்.

இந்தச் செடிகளை வந்தேறி என்று திட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. நாமும் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள்தான். வந்தது குற்றம் இல்லை. அந்தச் செடி தானாகவும் வரவில்லை, நாம் கூட்டி வந்தோம். கூட்டி வந்தவனுக்குத்தான் பொறுப்பு.

அன்றிரவு வாளியைத் திரும்ப எடுத்து வந்தேன். செடிகளை வெயிலில் சருகாகக் காய வைத்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். உயிரைக் கொன்றேனே என்று மனம் அடித்துக்கொண்டது உண்மை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பத்துச் செடியை விட்டீங்கப்பா, ஓர் ஆத்தைக் காப்பாத்தினீங்க" என்றாள்.

நேயர்களே, மீன் தொட்டியைக் கழுவும்போது, பூந்தொட்டியை மாற்றும்போது, ஊரிலிருந்து வரும் உறவினர் ஆசையாய் ஒரு தண்டு நீட்டும்போது, ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒற்றைத் தண்டுதானே என்று எண்ணாதீர்கள். உலகத்தை வளைத்ததும் ஒற்றைத் தண்டுதான்!