"எப்படி வந்தது?" என்று கேட்கும் முன்

(ஆதரவாளர் ஸ்தோத்திர ஆராதனையில் மருத்துவமனைக் குருவானவர் அளித்த செய்தி. தியானப் பகுதிகள்: மத்தேயு 7:1-5, யோவான் 9:1-7)



உங்கள் ஜெபங்களும் காணிக்கைகளும் இந்த ஊழியத்தைத் தாங்கி வருகின்றன. அதற்காக இன்று நன்றி சொல்லுகிறோம். அத்துடன் உங்களில் ஒருவர் எழுதிய கடிதத்தைப் பற்றியும் பேச விரும்புகிறோம். அந்தச் சகோதரியின் அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் இதைச் சொல்லுகிறோம்.

ஏழை நோயாளர் நிதிக்கு ஒரு காசோலை வந்தது. அதனுடன் நான்கு வரிகள். குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம், தங்கள் தவறு ஏதுமின்றி நோயுற்றவர்களுக்கே செலவிடுங்கள் என்று அந்தச் சகோதரி எழுதியிருந்தார்கள்.

இந்த எண்ணம் புதியதல்ல. பிறவிக் குருடனைக் கண்டவுடன் சீஷர்களுக்கும் இதே எண்ணந்தான் வந்தது. பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று அவர்கள் கேட்டார்கள். அந்த மனிதன் பக்கத்திலேயே இருக்கிறான். அவனுக்குக் கண் தெரியாதே தவிர, காது கேட்கும். அவனைப் பற்றிப் பேசினார்களே ஒழிய, அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நம்முடைய ஆண்டவரோ குற்றவாளியைத் தேடவில்லை. இவனிடத்தில் தேவனுடைய கிரியை வெளிப்பட வேண்டும் என்றார். பேச்சோடு நிறுத்தாமல் குனிந்து, மண்ணைக் குழைத்து, அவன் கண்களில் பூசினார்.

அப்படியானால் கிறிஸ்தவன் நன்மை தீமையைப் பகுத்தறியவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படியல்ல. மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் நியாயந்தீர்ப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கிரினோ'. அதற்குப் பிரித்தறிதல், முடிவு செய்தல், தீர்ப்பளித்தல் என்று பல பொருள்கள் உண்டு. அதே பகுதியில், நம் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்துவிட்டால் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகை தெரியும் என்றும் ஆண்டவர் போதிக்கிறார். துரும்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிறவர் அருகே வருவார், மெல்லத் தொடுவார். தூர நின்று கல்லெறிகிறவரால் துரும்பை எடுக்க முடியாது.

மருத்துவமனையில் இந்த வேறுபாட்டை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். மருத்துவரும் நோயாளியைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார். நோயை மறைக்காமல் பெயர் சொல்லுகிறார். ஆனால் அது நோயறிதல், குணமாக்குவதற்காகச் செய்வது. ஆக்கினைத்தீர்ப்போ ஆளைத் தள்ளிவிடுவதற்காகச் செய்வது.

இதை நாங்கள் இறையியல் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு நோயாளியிடம் கற்றுக்கொண்டோம். 1986-ஆம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்களுடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளில், 1990-களில், எய்ட்ஸ் என்ற பெயரே ஊரை நடுங்க வைத்தது. அப்போது நாங்கள் ஊழியத்துக்குப் புதியவர்கள். ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி பெண்கள் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். கணவர் ஏற்கெனவே இறந்துவிட்டார். மாமியார் வீட்டில் தட்டு, தம்ளர் எல்லாம் தனி. நாங்கள் இருவர், குருவானவரும் வேதாகம ஸ்திரீயும், ஜெபிக்கப் போனோம். போனவுடன், "இது எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டோம்.

அந்த அம்மாள் எங்களைச் சற்று நேரம் பார்த்தார். "ஐயா, இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் எப்படி வந்துச்சுன்னுதான் கேட்டாங்க. வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கல" என்றார்.

மருத்துவருக்கு அந்தக் கேள்வி தேவை. கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எங்களுக்கு எதற்காகத் தேவைப்பட்டது? எங்கள் மனதில் ஒரு தராசு இருந்தது. கணவனிடமிருந்து வந்திருந்தால் இரக்கம் காட்டலாம், வேறு வழியில் வந்திருந்தால் புத்தி சொல்லலாம் என்று நினைத்திருந்தோம். ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அந்த அம்மாளை நியாயந்தீர்த்துவிட்டோம். அன்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். வலி எங்கே என்று கேட்டோம். முழங்காலுக்குக் கீழே எரிகிறது என்றார். வேதாகம ஸ்திரீ கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டார்கள். சில வாரங்களில் அந்த அம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

2004-ஆம் ஆண்டு முதல் இதற்கான கூட்டு மருந்துகளை அரசு இலவசமாக வழங்குகிறது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையே நீடித்தால், உடலுறவு மூலம் அவர்களிடமிருந்து தொற்று பரவுவதில்லை. பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2017-இல் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனாலும் பரிசோதனைக்கு வரத் தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களில் பலரைத் தடுப்பது நோயின் பயம் அல்ல, ஊராரின் வாய்.

குடிக்கு அடிமைப்பட்டவர்களின் நிலைமையும் இதுதான். அறுவை சிகிச்சைக்கு முன் "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால், நாம் முகம் சுளிப்போம் என்று பயந்து இல்லை என்பார்கள். இரண்டு மூன்று நாட்களில் கை நடுங்கும். வலிப்பு வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். முன்பே தெரிந்திருந்தால் மருத்துவர் அதற்கு மருந்து கொடுத்திருப்பார். நம்முடைய தீர்ப்புக்குப் பயந்து ஒருவர் உண்மையை மறைக்கிறார், அதனால் அவருடைய உயிர் ஊசலாடுகிறது. உண்மையைச் சொல்லத் துணிவு தருவது அன்புதான். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடமும் ஆண்டவர் முதலில் ஆக்கினை இல்லை என்றார். இனிப் பாவம் செய்யாதே என்றது அதற்குப் பிறகு. அந்த வரிசையை மாற்ற நமக்கு அதிகாரமில்லை.

இப்போது கடிதத்துக்கு வருகிறோம். அதைப் படித்தவுடன் எங்களுக்குக் கோபம் வந்தது. இரக்கமில்லாதவர் என்று முடிவுகட்டி, வேத வசனங்களை அடுக்கிப் பதில் எழுதினோம். நல்ல வேளை, அதை அனுப்பவில்லை. நேரில் போய்ப் பார்த்தோம். அந்தச் சகோதரியின் தகப்பனார் குடித்தே இறந்தவர். தாயார் பீடி சுற்றி நான்கு பிள்ளைகளை வளர்த்தார்களாம். "அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, நாங்க வராந்தாவுல பசியோட உக்காந்திருந்தோம் ஐயா. எங்களை யாரும் திரும்பிப் பாக்கல. இன்னும் அவரை மன்னிக்க என்னால முடியல" என்று அழுதார்கள்.

நியாயந்தீர்க்கக் கூடாது என்று அவர்களுக்குப் போதிக்கப் போன நாங்களே அவர்களை நியாயந்தீர்த்திருந்தோம். ஒன்றும் போதிக்கவில்லை. சேர்ந்து ஜெபித்தோம். காணிக்கையை அவர்கள் விருப்பப்படியே குழந்தைகள் வார்டுக்குச் செலவிடுவதாகச் சொன்னோம். அதோடு, எப்படி வந்தது என்று பார்த்து எந்த நோயாளியையும் இந்த மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பி அனுப்ப எங்களால் முடியாது என்பதையும் சொன்னோம். அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு காசோலை வந்தது. அதனுடன் ஒரே வரி: "அந்த வார்டு வராந்தாவில் இருக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு." தகப்பனாரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கர்த்தர் தம்முடைய வேளையில் செய்து முடிப்பார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலோ சபையிலோ தெருவிலோ, இதுவரை "எப்படி வந்தது" என்று மட்டுமே எல்லாரும் கேட்ட ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரிடம் போங்கள். வலிக்கிறதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை அருகில் உட்காருங்கள்.

ஜெபிப்போம். இரக்கமுள்ள ஆண்டவரே, எங்கள் கண்ணிலுள்ள உத்திரத்தை நீரே எடுத்தருளும். நீர் எங்களைத் தொட்டது போல நாங்களும் பிறரைத் தொட எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.