கற்பிக்க வந்து கற்றவர்



1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியை வந்தடைந்த டேனியக் கப்பலில் செருமானிய இளைஞர் இருவர் இருந்தனர். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹென்றி புளூட்சோ. ஏழு திங்களுக்கு மேல் கடலில் கழித்து வந்த சீகன்பால்குக்கு வயது ஏறத்தாழ 24. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், உடல்நலம் குன்றியவர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பெற்றும், மன்னரின் கொடி பறந்த கோட்டையிலேயே அவருக்கு வரவேற்பில்லை. வணிகம் செய்ய வந்தோர்க்கு ஊழியம் செய்ய வந்தவர் இடையூறாகத் தோன்றினார் போலும்.

தம் இனத்தாரிடம் கிட்டாத தோழமையை இவ்விளைஞர் எங்கே பெற்றார்? தமிழ்த் திண்ணையில் பெற்றார் என்பதே விடை. முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிக் கற்றார். அழகப்பன் என்னும் பன்மொழி வல்லார் துபாசியாக அமைந்து, பேச்சின் நுட்பங்களை உணர்த்தினார். போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கராக வேண்டியிருந்தது. அதற்கு அவர் நாணவில்லை.

எழுத்தறிந்தபின் ஏட்டுச் சுவடிகள்மேல் அவருக்குத் தீராத வேட்கை பிறந்தது. எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பிச் சுவடிகளை விலைக்கு வாங்குவித்தார். விலைக்குக் கிட்டாதவற்றைப் படியெடுப்பித்தார். வந்த இரண்டாண்டுக்குள், 1708இல், 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்புரையோடு பட்டியல் வகுத்தார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். அவ்வாண்டின் இறுதியில்தான் சிறையும் வந்தது. ஒரு கைம்பெண்ணின் கடன் வழக்கில் அவர் தலையிட்டதை ஒட்டி எழுந்த பூசலில், கோட்டைத் தளபதி அவரை நான்கு திங்கள் அடைத்துவைத்தார்.

புதிய ஏற்பாட்டை அவர் தமிழாக்கியதும், அது 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சேறியதும் பலரும் அறிந்தவை. (தமிழ் அச்சை அவரே தொடங்கினார் என்று மேடைகளில் கூறுவது பிழை. 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது.) அதிகம் பேசப்படாதது வேறொன்று. தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் ஒரு பெருநூல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த அவருடைய ஆசான் பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை வேரறுக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கேள்வி. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. எழுதி 154 ஆண்டுகள்!

இவ்விடத்தில் ஒன்றை மறைக்கலாகாது. சீகன்பால்கு நம் சமயங்களை ஏற்றவர் அல்லர். அவை பிழை என்றே இறுதிவரை எழுதினார். ஆயினும் பிழை என்று கருதியதையும் அச்சமயத்தாரின் ஏடுகளைக் கொண்டும் அவர்தம் வாய்மொழியைக் கேட்டும் அறியவேண்டும் என்று எண்ணினார். தமிழர் அறநூல் உடையர், கல்வியுடையர் என்று ஐரோப்பாவுக்கு எழுதினார். ஆசான் சொல்லுக்கும் கண்முன் கண்ட மக்களுக்கும் இடையில் நின்ற இந்நிலை, அயல்நாட்டில் ஊழியம் செய்யும் இளைஞர்க்கு எக்காலத்தும் நேர்வதே. அவருக்கு அது 13 ஆண்டுகள் நீடித்தது. 1719இல், 36ஆம் வயதில் தரங்கம்பாடியிலேயே மறைந்தார். முந்தைய ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் உடல் அடக்கமாயிற்று.

அவரும் தோழர் குருண்டலரும் சமயம், வாழ்வியல் பற்றி விடுத்த வினாக்களுக்குத் தமிழர் எழுதிய மறுமொழிக் கடிதங்கள் 99, செருமானிய மொழியாக்கமாக ஹாலேயில் வெளியாயின. அவற்றுட் பல அழகப்பன் எழுதியவையாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. வந்தவர் சமயத்தை வினவியும், தம் சமயத்துக்கு வழக்காடியும், சிற்சில இடங்களில் ஐரோப்பியரின் ஒழுக்கத்தை நேர்படக் கண்டித்தும் எழுதிய குரல்கள் அவை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மவர் எழுதிய உரைநடை அது. அதன் தமிழ் மூலம் இன்று நம்மிடம் இல்லை. செருமானியத்திலிருந்து மீண்டும் தமிழாக்கியே அக்கடிதங்களை நாம் படிக்கவேண்டியுள்ளது.