உடும்பும் எலுமிச்சை அழகியும்

இன்னைக்கு ரெண்டு உயிர்களைப் பத்திப் பேசப்போறேன். ஒண்ணு உங்க பால்கனி கறிவேப்பிலைத் தொட்டிக்கே வரும் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி. இன்னொண்ணு உடும்பு.

எனக்குத் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். எங்க கொல்லையில ஒரு கறிவேப்பிலை மரம், அதையொட்டி ஒரு கல்கட்டு. காலையில மரத்துல அழகி சிறகை விரிச்சு வெயில் காயும். கல்கட்டு மேல உடும்பும் அப்படித்தான் கிடக்கும். ரெண்டுக்குமே உடம்பு சூடேற வெயில் வேணும்.

அழகி காலால ருசி பார்க்கும். இலையைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் முட்டை வைக்கும். உடும்பு நாக்கால வாசனை பிடிக்கும். அந்தப் பிளவு நாக்கைப் பார்த்துத்தான் நாம பயப்படுறோம். ஆனா அழகியோட புழுவைச் சீண்டிப் பாருங்க, தலைக்குப் பின்னாடி இருந்து ஆரஞ்சு நிறத்துல, ரெண்டாப் பிரிஞ்ச கொம்பு மாதிரி ஒண்ணை நீட்டும். நாத்தமும் அடிக்கும்!

அந்தப் புழு முதல்ல பறவை எச்சம் மாதிரிதான் இருக்கும். நம்ம கறிவேப்பிலையையும் மொட்டையடிச்சிடும். இருந்தாலும் எங்க ஆயா அதை நசுக்க விடமாட்டாங்க. "நாளைக்குப் பட்டாம்பூச்சியாகும்டா"ன்னு சொல்லுவாங்க.

அதே ஆயாதான் இடுப்பு வலிக்கு நல்லதுன்னு உடும்புக் கறி சமைச்சாங்க. அப்போ எனக்குப் பத்து வயசு. நானும் சாப்பிட்டேன். அவங்க இடுப்பு வலி கடைசி வரைக்கும் போகல.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல உடும்பு இருக்கிறது முதல் அட்டவணையில. புலி இருக்கிற அதே அட்டவணை. வேட்டையாடினா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். இதெல்லாம் எனக்குக் காலேஜ் வந்த பிறகுதான் தெரியும். நகரத்துலயும் ஆபத்து இருக்கு. பூஜைக்குன்னு 'ஹத்தா ஜோடி'ங்கிற பேர்ல அபூர்வ வேர் விக்கிறாங்களே, அது பல நேரம் ஆண் உடும்போட காய்ஞ்ச பிறப்புறுப்பு. தயவுசெஞ்சு வாங்காதீங்க.

புழு நாளைக்கு அழகாகும்னு தெரிஞ்சதால அதை மன்னிக்கிறோம். உடும்பு எதுவாகவும் மாறப்போறதில்ல. எலி, வண்டு, நத்தைன்னு தின்னுட்டு, எப்பவாவது ஒரு கோழி முட்டையையும் எடுத்துட்டு, கடைசி வரைக்கும் உடும்பாத்தான் இருக்கும்.

போன தடவை ஊருக்குப் போனப்போ கல்கட்டு மேல ஒண்ணு கிடந்துச்சு. அக்கா பையன் கல்லை எடுத்தான். கையைப் பிடிச்சு உட்கார வெச்சேன். வெயில் ஏறினதும் அது தானாக இறங்கிப் போயிடுச்சு. அவன் கல்லைக் கீழே போட்டுட்டு, "நாளைக்கும் வருமா மாமா?"ன்னு கேட்டான்.